ஆவியில வேகவச்சா ருசியே இல்லைங்கறாங்க வீட்ல, என்ன பண்றது?

செங்காங் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மாமாவுக்கு இங்க சிங்கப்பூர் பாலிகிளினிக்ல ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்துச்சு, கொலஸ்ட்ரால் கூட இருக்கு, சுகரும் பார்டர்ல நிக்குது, டாக்டர் பொரிச்சதைக் குறைங்க எண்ணெயைக் குறைங்க முடிஞ்ச வரைக்கும் ஆவியில வேகவச்சு சாப்பிடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுலேர்ந்து சமையலை மாத்திப் பாத்துட்டிருக்கேன். இட்லி இடியாப்பம் எல்லாம் நமக்குப் பழக்கம்தான், அதுல ஒரு குழப்பமும் இல்ல, மீன் கோழி காய்கறின்னு வர்றப்பதான் சிக்கல்.

வறுக்கறதுக்குத் தடவுற அதே மசாலாவை வஞ்சிரத்துல தடவி இட்லிப் பானைல வச்சா மீன் வெந்துடுது ஆனா மிளகாத்தூளோட பச்சை வாசனை அப்படியே நிக்குது, தட்டுல தண்ணி வேற கட்டிக்குது. ப்ரொக்கோலி வச்சா பச்சை நிறம் போயி காக்கி கலராயிடுது. மாமா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு எழுந்துடறாரு, அத்தைதான் "வீட்ல யாருக்கும்மா காய்ச்சல்"னு கேட்டுட்டாங்க. பையன் ப்ரைமரி த்ரீ படிக்கறான், அவன் தொடவே மாட்டேங்கறான்.

எனக்கு மூணு விஷயம் தெரியணும். ஒண்ணு, ஆவியில வேகவச்சும் ருசியா எப்படிக் கொண்டு வர்றது. ரெண்டு, எலக்ட்ரிக் ஸ்டீமர் வாங்கியே ஆகணுமா, வீட்ல இருக்கறது இட்லிப் பானையும் ஒரு குவாலியும் (வாணலி)தான், அடுப்பு இண்டக்‌ஷன். மூணு, ஆவியில வெந்ததுதானேன்னு தினம் இட்லி கொடுத்தா மாமாவோட சுகருக்கு ஓகேயா. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


தேக்கா மீன்பிரியர்:

தங்கச்சி, நான் ரொம்ப வருஷம் ஒரு ஜீ சார் கடை (கேட்டதை உடனே சமைச்சுக் கொடுக்கற சீனக் கடை) அடுப்படில வேலை பாத்தவன், தினமும் மீனை ஆவியில வச்சு எடுக்கறதுதான் என் வேலையே, அதனால மீன் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா எழுதறேன், மத்ததை மத்தவங்க சொல்லட்டும்.

முதல்ல ஏன் ருசி வரலன்னு பாருங்க. கொதிக்கிற தண்ணியோட ஆவி 100 டிகிரிதான், மூடி போட்ட சாதாரண பானைல அதுக்கு மேல ஏறாது. எண்ணெய்ச் சட்டி 170, 180 டிகிரி போகும். மீன் மேல செவந்து வர்றது, வறுத்த வாசனை கிளம்பறது, மசாலாத்தூளோட பச்சை வாடை போறது எல்லாமே அந்தச் சூட்டுலயும் எண்ணெய்லயும் நடக்கற வேலை. ஆவியில அது நடக்கவே நடக்காது. அதனால வறுவல் மசாலாவைத் தடவி ஆவியில வச்சா மசாலா வேகும், வறுபடாது. ஆவி மீனைப் பதமா வேகவச்சுக் கொடுக்கும், அவ்வளவுதான், ருசியை நீங்க வைக்கறதுக்கு முன்னாடியும் எடுத்த பின்னாடியும் சேர்க்கணும்.

நம்ம மசாலா வேணும்னா இப்படிச் செய்ங்க. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு நாலஞ்சு பல்லு, மிளகாத்தூள், மல்லித்தூள், கொஞ்சம் சோம்பு, புளி எல்லாத்தையும் அரைச்சு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய்ல சின்னச் சூட்டுல வதக்குங்க, தண்ணி வத்தி மசாலா கரண்டியோட சேந்து சுருண்டு வரும், பச்சை வாசனை போயிடும். அதை ஆறவச்சு மீன் மேல ரெண்டு பக்கமும் தடவி வாழை இலைல மடிச்சு வைங்க. இலை கிழியாம இருக்க அடுப்பு நெருப்புல காட்டி வாட்டுவோம், உங்களுக்கு இண்டக்‌ஷன்ங்கறதால சூடான தோசைக்கல்லுல ஒரு தடவை போட்டு எடுத்தாப் போதும், இலை நிறம் மாறி பளபளன்னு ஆயிடும். தூளே வேண்டாம்னா இன்னும் சுலபம், கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகா, பூண்டு, ரெண்டு ஸ்பூன் தேங்காத்துருவல், சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைச்சுத் தடவுங்க, இதுக்கு வதக்கலே தேவையில்ல, ஏன்னா எல்லாம் பச்சையாவே மணக்கற சாமான்.

இப்போ கான்டனீஸ் முறை. இதை மாமா கண்டிப்பா சாப்பிடுவாரு, ஏன்னா ஜீ சார் கடைல எல்லாரும் ஆசையா ஆர்டர் பண்றது இதுதான். 600லேர்ந்து 700 கிராம் கொடுவா ஒண்ணு வாங்கிக்கோங்க. உள்ளே வயித்துப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி ஒரு கருஞ்சிவப்பு ரத்தக்கோடு இருக்கும் பாருங்க, அதைக் கத்தி முனையால கீறி, கட்டைவிரல் நகத்தால சுரண்டி, ஓடற தண்ணில கழுவி எடுக்கணும், மீன் நாறுறதுல பாதி அங்கேர்ந்துதான் வருது. அப்புறம் டிஷ்யூவால வெளியயும் உள்ளயும் ஈரத்தைத் துடைச்சுடுங்க. தட்டுல வெங்காயத்தாளை நீளநீளமா ரெண்டு மூணு போட்டு அது மேல மீனை வைங்க, அப்பதான் அடிப்பக்கமும் ஆவி போகும், இல்லன்னா மேல வெந்து கீழ வேகாம இருக்கும். இஞ்சித் துண்டு வயித்துக்குள்ள நாலு, மேல நாலு.

தண்ணி தளதளன்னு கொதிச்சு மூடியைத் தள்ளிட்டு ஆவி வர்ற வரைக்கும் மீனை உள்ள வைக்கவே கூடாது. பச்சைத் தண்ணிலேர்ந்தே வச்சா மீன் மெதுவா சூடாகி தண்ணி விட்டு தொளதொளன்னு ஆயிடும். கொதிச்சதும் வச்சு மூடிட்டா 10லேர்ந்து 12 நிமிஷம், நடுவுல திறந்து பாக்காதீங்க. 2 சென்டிமீட்டர் தடிமன் துண்டுன்னா 6, 7 நிமிஷம் போதும். வெந்துச்சான்னு பாக்க, கண்ணு வெள்ளையா வெளிய துருத்திக்கிட்டு வந்திருக்கும், முதுகுல தடிச்ச இடத்துல சாப்ஸ்டிக்கைக் குத்தினா தடையே இல்லாம எலும்பு வரைக்கும் இறங்கும்.

இதுக்கப்புறம்தான் ரொம்ப முக்கியமானது. தட்டுல சேந்திருக்கற அந்தக் கலங்கின தண்ணியை முழுசா கீழ ஊத்திடுங்க. நீங்க சொன்னீங்களே தண்ணி கட்டிக்குதுன்னு, அது மீன்லேர்ந்து வந்த சாறும் ஆவி குளுந்து இறங்கின தண்ணியும், கவுச்சி எல்லாம் அதுலதான். பழைய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் தூக்கிப் போட்டுட்டு, புதுசா நூல் மாதிரி நறுக்கின இஞ்சி, வெங்காயத்தாள், கொத்தமல்லி மேல குவிச்சு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயைப் புகை கிளம்பற அளவுக்குக் காயவச்சு அது மேல ஊத்துங்க, சர்ருன்னு சத்தம் வரணும், சத்தம் வரலன்னா எண்ணெய் காயலன்னு அர்த்தம். கடைசியா லைட் சோயா சாஸ் தட்டோட ஓரத்துல விடுங்க, மீன் மேல விடாதீங்க.

இன்னொண்ணு, ஆவிக்கு வைக்கற மீன் அன்னைக்கு வந்த மீனா இருக்கணும். பொரிச்சா கொஞ்சம் பழசும் தெரியாது, ஆவியில ஒளிக்க முடியாது. செவுள் நல்ல செகப்பா, கண்ணு தெளிவா, விரலால அழுத்தினா குழி நிக்காம இருக்கணும். திங்கக்கிழமை மார்க்கெட்ல நிறைய மீன் கடை மூடியிருக்கும், அன்னைக்கு ப்ளான் பண்ணாதீங்க. வாவல் கிடைச்சா தியோச்சூ சீனர் முறைல புளிப்பு கடுகுக்கீரை, தக்காளி, உப்புல ஊறின ப்ளம், தோஃபு போட்டு வேகவைக்கலாம், புளிப்பு பிடிக்கற நம்ம ஆளுங்களுக்கு அது ரொம்பவே ஒத்துப்போகும்.


அங் மோ கியோ வாசகி:

அண்ணே ஒரு சந்தேகம், எண்ணெயைக் குறைக்கத்தானே ஆவியில வைக்கறோம், கடைசில காயவச்ச எண்ணெயை ஊத்தினா என்ன பிரயோஜனம்?


தேக்கா மீன்பிரியர்:

நல்ல கேள்விம்மா. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி, அதை நாலு பேர் பகிர்ந்து சாப்பிடறோம், அதுலயும் கொஞ்சம் தட்டுலயே நின்னுடும். பொரிக்கறப்ப மாவும் மசாலாவும் உறிஞ்சற எண்ணெய் இதை விட எவ்வளவோ அதிகம், அளவும் நம்ம கைல இல்ல. அந்த ஒரு ஸ்பூன் சும்மா ஊத்தறதில்ல, இஞ்சி வாசனையும் வெங்காயத்தாள் வாசனையும் எண்ணெய்லதான் எறங்கும், அது இல்லாம செஞ்சு ஒரு தடவை, அதோட செஞ்சு ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் நீங்களே அரை ஸ்பூன் போதுமா ஒரு ஸ்பூன் வேணுமான்னு முடிவு பண்ணிக்கலாம்.


வார்டு அக்கா:

நான் நர்ஸா வேலை பாக்கறேன், டயட்டீஷியன் இல்ல, ஆனா சுகர் பேஷண்டுங்க வீட்டுக்காரங்க கேக்கற கேள்வி பெரும்பாலும் இதுதான், அதனால எழுதறேன்.

உங்க மூணாவது கேள்விலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நிறைய பேர் குழம்பற இடம் அது. ஆவி எண்ணெயைத்தான் குறைக்கும். மாவுச்சத்தைக் குறைக்காது, உப்பைக் குறைக்காது, சர்க்கரையையும் குறைக்காது. இட்லில எண்ணெய் இல்ல, சீக்கிரம் செரிக்கும், அது எல்லாம் உண்மை, ஆனா அதுல பெரும் பங்கு வெள்ளை அரிசி, மாவா அரைச்சு மெத்துன்னு வேகவைக்கறதால ரத்தத்துல சர்க்கரை வேகமா ஏறும். வேண்டாம்னு சொல்லல, எண்ணிக்கையைப் பாத்துக்கோங்க. அரிசியைக் குறைச்சு உளுந்தைக் கூட்டுங்க, பாதி அரிசிக்குப் பதிலா கம்போ கேழ்வரகோ சேருங்க, ஆறு இட்லி சட்னியோட கொடுக்கறதுக்குப் பதிலா மூணு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டைன்னு மாத்துங்க. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்ற தட்டு அளவும் இதேதான், பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுதானியம், கால் தட்டு மீன் முட்டை பருப்பு மாதிரி புரதம்.

அடுத்தது உப்பு. மேல அண்ணன் சொன்ன மீன் எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா ஒரு டேபிள்ஸ்பூன் லைட் சோயா சாஸ்ல கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க சொல்ற அளவே 2,000 மில்லிகிராமுக்குக் கீழதான். 2022ல எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வுல சிங்கப்பூர்காரங்க சராசரியா ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் எடுத்துக்கறாங்கன்னு வந்துச்சு. வீட்ல எண்ணெயைக் குறைச்சுட்டோம்னு நிம்மதியா சோயா சாஸும் ஆய்ஸ்டர் சாஸும் தாராளமா விட்டா கொலஸ்ட்ராலுக்குச் செஞ்ச நல்லதை ரத்த அழுத்தத்துல விட்டுடுவோம். சாஸை சரிபாதி வெந்நீர் கலந்து விடுங்க, எலுமிச்சை பிழிஞ்சு, பச்சை மிளகா, இஞ்சி, மிளகு கூட்டுங்க, புளிப்பும் காரமும் இருந்தா உப்பு கம்மின்னு நாக்குக்கு உடனே தெரியாது. கோப்பிக்கடைல விக்கற பாவ் (உள்ள கறி வச்ச பன்னு), சியூ மாய் (கறி உருண்டை) எல்லாம் ஆவியில வெந்ததுதான்னு சொல்லி வாங்காதீங்க, உள்ள இருக்கற கொழுப்பையும் உப்பையும் ஆவி ஒண்ணும் பண்ணாது.

காய்கறிக்கு ஆவி நிஜமாவே நல்லது. விட்டமின் சி, ஃபோலேட் மாதிரி சத்தெல்லாம் தண்ணில கரையும், நிறைய தண்ணில போட்டு வேகவச்சு வடிச்சா அது சிங்க்ல போயிடும், ஆவியில தண்ணி படாம வேகறதால பெருமளவு காயிலேயே தங்கும். நிறம் போறதுக்குக் காரணம் நேரம். பச்சைக் காய்ல இருக்கற அமிலம் சூட்டுல வெளிய வந்து பச்சையத்தைக் கெடுக்கும், அதனால ப்ரொக்கோலி, காய்லான் (சீனக் கீரை), பீன்ஸ் எல்லாம் 4, 5 நிமிஷத்துல எடுத்துடணும், கடிச்சா கொஞ்சம் நறுக்குன்னு இருக்கணும். கேரட், பூசணிக்கு 8 நிமிஷம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு முழுசா வச்சா 20லேர்ந்து 25 நிமிஷம். எடுத்ததும் தட்டுல பரப்பி வைங்க, பானைலயே மூடி வச்சா அடுப்பை அணைச்ச பிறகும் வெந்துகிட்டே இருக்கும்.

ஆனா எல்லாத்துக்கும் ஆவிதான் சரின்னு நினைக்காதீங்க, இதை யாரும் சொல்றதில்ல. சிறுநீரகம் பலவீனமா இருந்து பொட்டாசியம் குறைக்கச் சொன்னவங்களுக்கு காயை நறுக்கி நிறைய தண்ணில வேகவச்சு வடிக்கறதுதான் நல்லது, ஆவியில வச்சா பொட்டாசியம் காயிலேயே இருந்துடும். சிறுநீரகத்துல ஆக்சலேட் கல்லு வர்றவங்களுக்கு பசலை மாதிரி கீரைகளும் அப்படித்தான், கொதிக்கிற தண்ணில போட்டு வடிச்சா ஆக்சலேட் நிறைய வெளிய போகும். மரவள்ளிக்கிழங்கும் ஃப்ரெஷ் மூங்கில் குருத்தும் இயற்கையாவே சயனைடு உண்டாக்கற பொருள் உள்ளது, தோலைச் சீவி சின்னதா நறுக்கி நிறைய தண்ணில நல்லா கொதிக்க வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டணும், பச்சையா ஆவியில வைக்கறது சரியான வழி இல்ல. மாமாவோட ரிப்போர்ட்ல கிட்னி நம்பர் எப்படி இருக்குன்னு ஒரு தடவை டாக்டரைக் கேட்டுக்கோங்க, சுகர் உள்ளவங்களுக்கு அதையும் பாத்திருப்பாங்க.


யீஷூன் ஆச்சி:

செங்காங் மருமகளே, நம்ம சமையல்ல ஆவி இட்லியோட நிக்கல, பருப்புல செய்யறதை நீ விட்டுட்ட. கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் கலந்து ஒரு கப் ஊறவச்சு, காஞ்ச மிளகா, பெருங்காயம், உப்பு போட்டு தண்ணி விடாம கொரகொரன்னு அரைச்சு இட்லித் தட்டுல வச்சு 12லேர்ந்து 15 நிமிஷம் வேகவை. நல்லா ஆறினதும் கையால உதிர்த்துக்கோ, சூட்டோட உதிர்த்தா கட்டி கட்டியா பிடிச்சுக்கும். அப்புறம் கடுகு கருவேப்பிலை தாளிச்சு, ஆவியில வெந்த பீன்ஸோட கலந்தா பருப்பு உசிலி. அரைச்ச விழுதை அப்படியே சட்டில கொட்டிக் கிளர்றவங்க எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஆவியில வேகவச்சு உதிர்த்தா ரெண்டு டீஸ்பூன் போதும். உன் மாமாவுக்கு அரிசி குறையும், பருப்பு கூடும். இதே விழுதுல வெங்காயம், சோம்பு, தேங்கா சேர்த்து உருட்டி வேகவச்சு குழம்புல போட்டா பருப்பு உருண்டைக் குழம்பு, கறி இல்லாத குறையே தெரியாது.

வெறும் காய் வேகவச்சு வச்சா யாருக்கும் இறங்காதும்மா, பொடி தூவிக் கொடு. பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, வறுத்த வேர்க்கடலையை ஒண்ணு ரெண்டா இடிச்சு மிளகாத்தூள் பூண்டோட கலந்த பொடி, இதுல எதாவது ஒண்ணு டப்பால எப்பவும் இருக்கட்டும். காய் ஆவியிலேர்ந்து எடுத்த உடனே, மேல ஈரம் இருக்கும்போதே தூவினா ஒட்டிக்கும், ஆறினா உதிர்ந்துடும். வறுத்த வாசனை காய்ல இல்லன்னா பொடில இருந்து வந்துடும்.

பையனுக்குப் புட்டு செஞ்சு கொடு. கேழ்வரகு மாவு, இல்ல சிவப்பரிசி மாவு, உப்புத் தண்ணியைக் கையால தெளிச்சுத் தெளிச்சுப் பிசிறு, ஒரே தடவையா ஊத்திடாத. கைல பிடிச்சா கொழுக்கட்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், அதுதான் பதம். குழாய்ல தேங்காப்பூ ஒரு அடுக்கு மாவு ஒரு அடுக்குன்னு போட்டு, மேல ஓட்டை வழியா ஆவி வேகமா வந்த பிறகு 5 நிமிஷம். குழாய் இல்லன்னா இட்லித் தட்டுல ஈரத்துணி போட்டுப் பரப்பிடு. மார்க்கெட்ல புட்டு மாயம் (கடை இடியாப்பம்) வாங்கிச் சாப்பிடற பிள்ளைன்னா வீட்டு இடியாப்பத்தையும் அதே மாதிரி தேங்காப்பூவும் கொஞ்சம் குலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) தூவிக் கொடு, அவன் தட்டுல மட்டும் தூவு, மாமா தட்டுக்கு முட்டைக் குழம்போ சொதியோ ஊத்து.

மூடிலேர்ந்து தண்ணி சொட்டுறதுக்கு, மூடியை ஒரு சுத்தமான வெள்ளைத் துணியால கட்டி முடிச்சை மேல வச்சுக்கோ. சொட்டு துணில நின்னுடும். புட்டு, கொழுக்கட்டை, இலை அடை, கேக் எதுவா இருந்தாலும் மேல குழகுழன்னு ஆகாது.

இட்லி மாவு இந்த ஊர் வெக்கைல ராத்திரி வச்சா காலைல பொங்கி நிக்கும், சோடா உப்பு எதுக்கும் வேண்டாம். பொங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சுடு, மத்தியானம் வரைக்கும் வெளிய கிடந்தா புளிச்சுப் போயிடும்.


பொங்கோல் ரூம் தம்பி:

அக்கா நான் வாடகை ரூம்ல இருக்கேன், வீட்டு ஓனர் லைட் குக்கிங் மட்டும்தான் அலவ் பண்றாங்க, பொரிக்கக்கூடாது, மசாலா வாசனை வரக்கூடாது, அதனால எனக்கு ஆவிதான் தினசரி. ரைஸ் குக்கரோட ஒரு ஓட்டைத் தட்டு வரும்ல, நிறைய பேர் அதைத் தூக்கி ஓரமா போட்டுடுவாங்க, அதுல கீழ சோறு வேகும்போதே மேல கறி வேகவைக்கலாம்.

கோழித் தொடை எலும்பில்லாதது கடிக்கற அளவு நறுக்கி, லைட் சோயா கொஞ்சம், இஞ்சி, மிளகு, அரை ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு ஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) போட்டுப் பிசைஞ்சு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஊறவச்ச காஞ்ச ஷீடாக்கே காளான் நறுக்கிப் போடுங்க, ரெண்டு சீனச் சிவப்பு பேரீச்சையும் (ரெட் டேட்ஸ், இலந்தை வகை) போடலாம். சோளமாவு கோழியைச் சுத்தி ஒரு மெல்லிய உறை மாதிரி பிடிச்சுக்கும், சாறு அதிகம் வெளிய போகாது, வெளிய வர்ற கொஞ்சமும் கெட்டியா கிரேவி ஆயிடும், தண்ணி கட்டற பிரச்சினை போச்சு. விளிம்பு உள்ள தட்டுல பரப்பி வைங்க, குவிச்சு வைக்காதீங்க. 15லேர்ந்து 18 நிமிஷம், பெரிய துண்டு ஒண்ணை வெட்டிப் பாத்து உள்ள சிவப்பு இல்லாம இருந்தா எடுத்துடலாம், தெர்மாமீட்டர் இருந்தா 74 டிகிரி.

இன்னொண்ணு முட்டை, பையனுக்குக் கண்டிப்பா பிடிக்கும். ரெண்டு முட்டைக்கு 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, இல்ல நெத்திலி வேகவச்ச தண்ணி, நுரை வராம மெதுவா கலக்கி வடிகட்டி மேல இருக்கற நுரையை ஸ்பூனால எடுத்துட்டு, கிண்ணத்தை ஒரு தட்டால மூடி வைங்க. இதுக்கு மட்டும் ஃபுல் ஆவி கூடாது. முட்டை 80 டிகிரி கிட்டயே உறைஞ்சுடும், ஆவி வேகமா அடிச்சா உள்ள ஓட்டை ஓட்டையா வந்து தண்ணி பிரியும், அதனால சூட்டைக் குறைச்சு, பானை மூடிக்கு அடியில ஒரு சாப்ஸ்டிக்கைக் குறுக்க வச்சு இடைவெளி விட்டு 10லேர்ந்து 12 நிமிஷம். கிண்ணத்தை லேசா ஆட்டினா நடுவுல மட்டும் கொஞ்சம் தளதளன்னு ஆடணும். இங்க எல்லாரும் சோயா சாஸ் ஊத்திச் சாப்பிடுவாங்க, நான் கடுகு, சின்ன வெங்காயம், கருவேப்பிலை, மிளகு ஒரு டீஸ்பூன் எண்ணெய்ல தாளிச்சு மேல கொட்டுவேன், சோத்துல போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டா அவ்வளவு நல்லா இருக்கும்.


செங்காங் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல. வார்டு அக்கா, மாமாவுக்கு கிட்னி நார்மல்னுதான் ரிப்போர்ட்ல இருக்கு, இருந்தாலும் அடுத்த அப்பாய்ன்ட்மென்ட்ல கேட்டுடறேன். ஆச்சி சொன்ன உசிலிக்கு இப்பவே பருப்பு ஊறப் போட்டாச்சு. சாமான் பத்தி மட்டும் யாரும் சொல்லலையே, முழு மீன் என் இட்லிப் பானைல நுழையாது, அதோட ஆவி அடிச்சு அடுப்புக்கு மேல இருக்கற கபோர்டோட அடிப்பக்கம் ஈரமாயிடுது, புது வீடுங்கறதால பயமா இருக்கு. உறைய வச்ச மீனையும் இப்படி வைக்கலாமா?


தேக்கா மீன்பிரியர்:

எலக்ட்ரிக் ஸ்டீமர் கட்டாயம் இல்லம்மா. டைமர் இருக்கறது வசதிதான், சோளம், கிழங்கு, முட்டைக்கு நல்லா வேலை செய்யும், ஆனா சின்ன மிஷினெல்லாம் ஆவி மெதுவாதான் அடிக்கும், மீனுக்கு எனக்கு அது திருப்தி இல்ல. உங்க குவாலி அடி தட்டையா இருந்தா இண்டக்‌ஷன்ல சூடு பிடிக்கும், காந்தம் ஒட்டுதான்னு பாத்துக்கோங்க. உள்ள ஒரு ஸ்டாண்டு, 3, 4 சென்டிமீட்டர் தண்ணி, மேல உயரமான குவிஞ்ச மூடி, அவ்வளவுதான் வேணும். குவிஞ்ச மூடில தண்ணி ஓரமா வழிஞ்சு இறங்கும், தட்டை மூடின்னா நேரா மீன் மேல சொட்டும். தட்டு குவாலியை விட ஒரு விரக்கடை சின்னதா இருக்கணும், குவாலியை அடைச்சுக்கிட்டு உக்காந்தா ஆவி மேல வர வழி இருக்காது. மீன் நீளமா இருந்தா நடுவுல ரெண்டா வெட்டி பக்கத்துல பக்கத்துல வைங்க, பரிமாறும்போது சேர்த்து வச்சு மேல இஞ்சி வெங்காயத்தாள் குவிச்சா வெட்டினதே தெரியாது.

கிழங்கு மாதிரி ரொம்ப நேரம் வேகறதுக்கு தண்ணில ஒரு காசைப் போட்டு வைங்க, கொதிக்கற வரைக்கும் கடகடன்னு ஆடும், சத்தம் நின்னா தண்ணி வத்துதுன்னு தெரிஞ்சுக்கலாம். ஊத்தறப்ப கெட்டில்ல கொதிச்ச தண்ணியை ஊத்துங்க, பச்சைத் தண்ணி ஊத்தினா ஆவி நின்னு போயிடும்.

மூடியைத் திறக்கும்போது உங்க பக்கம் இல்லாம எதிர்ப்பக்கமா சாய்ச்சுத் திறங்க, பையன் பக்கத்துல நிக்க வேண்டாம். ஆவி சுட்டா கொதி தண்ணியை விட மோசம், ஏன்னா ஆவி தண்ணியா மாறும்போது நிறைய சூட்டைத் தோல்ல இறக்கிடும், மீன் 10 நிமிஷத்துல வேகறதும் அந்தச் சூட்டாலதான். சூடான தட்டைத் தூக்க மூணு கொக்கி வச்ச இடுக்கி அக்கம்பக்கத்துப் பாத்திரக் கடைலயே கிடைக்கும், வாங்கி வச்சுக்கோங்க, துணியால பிடிச்சா ஈரமாகி சுடும்.

கபோர்டுக்கு, தண்ணி கொதிக்க ஆரம்பிக்கும்போதே ஹூடை (அடுப்புக்கு மேல புகை இழுக்கற மிஷின்) போடுங்க, ஆவி வந்த பிறகு இல்ல. ஜன்னலைத் திறந்து வைங்க. சமைச்சு முடிஞ்சதும் ஹூடை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கபோர்டு அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் காஞ்ச துணியால துடைச்சுடுங்க, பலகை ஊதறது ஓரத்துல ஈரம் நின்னாதான். மூங்கில் கூடை அழகா இருக்கு, மூடில தண்ணியும் சொட்டாது, ஆனா கழுவி வெயில்ல நல்லா காயவைக்க இடம் இருந்தா மட்டும் வாங்குங்க, இந்த ஊர் ஈரத்துக்கு சீக்கிரமே பூஞ்சை பிடிச்சுடும்.

உறைய வச்ச மீனையும் வைக்கலாம். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீஸர்லேர்ந்து ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க, உறைஞ்சபடியே ஆவியில வச்சா வெளிய வெந்து நடு எலும்புகிட்ட பச்சையா இருக்கும். இளகினதும் தண்ணியை வடிச்சு டிஷ்யூவால நல்லா ஒத்தி எடுங்க, ஃப்ரெஷ் மீனை விட ஈரம் கூடவே விடும். இந்த மாதிரி மீனுக்கு வெறும் இஞ்சி சோயா எடுபடாது, நான் முன்னாடி சொன்ன வதக்கின மசாலா இல்ல பச்சை மசாலா தடவி இலைல மடிச்சு வைங்க, வஞ்சிரத் துண்டுக்கும் அதுதான் நல்லா இருக்கும்.